ஆண்டெனா: வாங்கியா, கொம்பா?

ஆண்டெனாவை அலைவாங்கி என்று எழுதிப் பழகிவிட்டோம். தொலைக்காட்சி ஆண்டெனாவுக்கு அது சரி, அதற்கு வாங்குவது மட்டும்தான் வேலை. பொழுதுபோக்காக வானொலியில் மற்றவர்களோடு பேசும் அமெச்சூர் வானொலிக்காரரின் ஆண்டெனா அலையை அனுப்பவும் செய்கிறது. கொடுப்பதற்கு வாங்கி என்று பெயர் வைக்கலாமா?

லத்தீனில் ஆண்டெனா என்றால் கப்பல் பாயைத் தாங்கும் குறுக்குக் கழி. தோணிக்காரர்கள் பருமல் என்பார்களே, அதுதான். 15-ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டிலின் விலங்கு நூல்களை லத்தீனுக்குக் கொண்டுவந்த தியோடோரஸ் காசா, பூச்சிகளின் கொம்பைக் குறித்த கிரேக்கச் சொல்லுக்கு இதைப் போட்டார். அந்தக் கிரேக்கச் சொல்லுக்கும் பாய்க்கழி என்ற பொருள் உண்டு. வானொலிக்கு வந்தது வேறு வழியில். மார்க்கோனி 1895-ல் தொடங்கிய சோதனைகளில் கம்பியைக் கழியில் கட்டி உயர்த்தினார். இத்தாலியத்தில் கழிக்கும் ஆண்டெனா என்றே பெயர். கழியின் பெயர் கம்பிக்கு ஒட்டிக்கொண்டது என்பது பரவலான விளக்கம்.

தமிழில் கொம்பு என்றாலும் மாட்டுக் கொம்பு, மரக்கிளை, கழி எல்லாம் அடங்கும். பூச்சிக்கு உணர்கொம்பு ஏற்கெனவே இருக்கிறது. வானொலிக்கு அலைக்கொம்பு என்றால் என்ன? வாங்குவதா கொடுப்பதா என்ற சிக்கலே இல்லை. 'அதற்கென்ன கொம்பா முளைத்திருக்கிறது' என்று யாராவது கேட்டால், ஆமாம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

கேட்பதற்கு மட்டும் என்றால் ஏதோ ஒரு நீளத்தில் கம்பி இருந்தாலும் ஓரளவு ஒப்பேறும். அலையை அனுப்புவதற்கு அது நடக்காது. நீளம் அலைவரிசைக்கு இசையாவிட்டால் அனுப்பிய ஆற்றலில் ஒரு பங்கு திரும்பி வரும், கருவியே கெடலாம். கொம்பு அலைநீளத்தில் கால் பங்கு இருக்க வேண்டுமென்றால், 75-ஐ அலைவரிசையின் மெகாஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்து 5 விழுக்காடு குறைத்தால் மீட்டர் கணக்கு கிடைக்கும். 28 மெகாஹெர்ட்சுக்கு ஏறத்தாழ 2.5 மீட்டர், 14-க்கு 5 மீட்டர். அலைவரிசை மாறும்போதெல்லாம் நீளமும் மாற வேண்டும். அதனால்தான் தூக்கிச் செல்வதற்கு ஒன்றுக்குள் ஒன்று நுழையும் மெல்லிய அலுமினியக் குழாய்களை வைத்து, இழுத்து நீட்டியும் உள்ளே தள்ளியும் இசைக்கிறார்கள். நீட்ட முடியாத இடத்தில் அடியில் ஒரு கம்பிச்சுருள், குறையும் நீளத்தை அது ஈடுகட்டும்.

எடை இன்னும் குறைய வேண்டுமென்றால் கண்ணாடியிழைத் தூண்டில் கழியில் கம்பியைக் கட்டுவார்கள். கார்பன் இழைக் கழி ஆகாது, அது மின்சாரத்தைக் கடத்தும். இந்த அமைப்பில் கழி வெறும் தாங்கி, அலையை வீசுவது கம்பி. இதற்கு அலைக்கம்பி என்பதே சரியான பெயர். குழாயே அலையை வீசினால் அலைக்கொம்பு.