தெருக்காரர்கள் ஏன் எதிர்க்கிறார்கள்?

மறுபடியும் ஒரு பஞ்சாயத்து. சென்னையில் பழைய தெரு ஒன்றில் ஐந்து மாடிக் குடியிருப்பு வரப்போகிறது என்று தெரிந்ததும், தெருக்காரர்கள் கூடி மாநகராட்சிக்குப் புகார் எழுதிவிட்டார்கள். "எல்லாம் பொறாமை" என்கிறார் கட்டுநர். பொறாமை அல்ல. இரண்டு மனை தள்ளி முன்பு எழுந்த கட்டடத்தை அவர்கள் தினமும் பார்க்கிறார்கள். அங்கே நின்ற வேம்பு போய்விட்டது. தரைத்தளம் முழுக்கக் கார்கள். நடந்து போகிறவர் கண்ணில் படுவது ஏழடி காம்பவுண்ட் சுவரும் இரும்பு கேட்டும்தான். அடுத்ததும் இப்படித்தான் இருக்கும் என்று அவர்கள் நினைத்தால் யாரைக் குறை சொல்வது?

நகரத்துக்குள் இன்னும் நிறைய வீடுகள் கட்டியாக வேண்டும். கட்டடக் கலைஞனாக எனக்கு அதில் மாற்றுக் கருத்தே இல்லை. அதனால்தான் அவற்றை மோசமாகக் கட்டுகிறவர்கள் மேல் இந்தக் கோபம்.

அழகு என்றதும் "எலிவேஷனைப் பிரமாதமாகச் செய்துவிடலாம்" என்கிறார்கள். இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. இவர்கள் சொல்லும் எலிவேஷன், முகப்பில் ஒட்டுகிற ஏசிபி ஷீட் எனும் அலுமினியப் பலகை, நீலக் கண்ணாடி, எல்இடி பட்டை. மாலை வெயில் அந்தக் கண்ணாடியில் பட்டு எதிர்வீட்டுக் கூடத்துக்குள் அடிக்கும். ஷீட்டுக்குப் பின்னால் புறா அடையும். பக்கச் சுவர்களோ வெறும் பூச்சு. அதன்மேல் பிவிசி குழாய்கள், கண்ட இடத்தில் தொங்கும் ஏசி பெட்டிகள். அக்கம்பக்கத்தார் ஆயுள் முழுக்கப் பார்க்கப்போவது அந்தப் பக்கச் சுவரைத்தான்! முகப்பு, விலை பேச வருகிறவருக்காக.

செலவு கட்டாது என்பது அடுத்த சாக்கு. 1961-இல் தொடங்கிய வீட்டுவசதி வாரியம் பெசன்ட் நகரில் கட்டிய பழைய அடுக்கு வீடுகள் சிக்கனமானவைதான். அந்தத் தெருக்களின் நிழலை இன்றும் மக்கள் விரும்புகிறார்கள். வியன்னா மாநகராட்சி 1927 முதல் 1930 வரை தொழிலாளர்களுக்காகக் கட்டிய கார்ல் மார்க்ஸ் ஹோஃப் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளம், ஆயிரத்துக்கும் அதிகமான வீடுகள். ஆனால் மனையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடத்தில்தான் கட்டடம். மற்றதெல்லாம் முற்றமும் தோட்டமும். ஏழைகளின் வாடகை வீட்டுக்குச் செய்தது இது.

கட்டுநர்களுக்குச் சில யோசனைகள். ஜன்னலுக்கு மேல் வரும் சன்ஷேட்டின் அடிப்புறத்தில், விளிம்பை ஒட்டி, கோடுபோல் அரை அங்குலப் பள்ளம் (காடி) ஒன்று விடச் சொல்லுங்கள். அது இல்லையென்றால் மழைநீர் அடிப்புறமாகவே தவழ்ந்து வந்து சுவரில் இறங்கும். ஓர் ஐப்பசி மழை போதும், ஒவ்வொரு ஜன்னலைச் சுற்றியும் கரும்பாசி வழிந்திருக்கும். எந்தக் கொத்தனாருக்கும் இது தெரியும், சொன்னால்தான் செய்வார். ஏசி பெட்டிக்கு வரைபடத்திலேயே இடம் விடுங்கள். குழாய்கள் அவற்றுக்கென விட்ட மூடிய சந்துக்குள் (டக்ட்) போகட்டும். சுவரை நாலடியில் நிறுத்தி மேலே கம்பி போடுங்கள். கார்களைப் பின்னால் தள்ளி, தெருவைப் பார்த்து ஓர் அறையும் ஜன்னலும் வையுங்கள்; முடிந்தால் ஒரு திண்ணை. மரத்தை முதலில் குறித்துவிட்டுப் பிறகு தூண்களைக் குறியுங்கள். மரத்தை வெட்டிவிட்டு வாசலில் தொட்டிச் செடி வைக்காதீர்கள்.

தெருக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். கட்டடமே வேண்டாம் என்று எழுதாதீர்கள். உங்கள் பிள்ளைகளுக்கும் இந்த ஊரில் வீடு வேண்டும். கட்டுநரிடம் தெருப்பக்க வரைபடத்தையும் பக்கச் சுவர் வரைபடத்தையும் கேளுங்கள். மரம், சுவரின் உயரம், குழாய்கள், தண்ணீர் லாரி நிற்கும் இடம் எல்லாவற்றையும் அதில் குறிக்கச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள், அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்பே.