ஏழு நொடி டிரம்ஸ்

1969-ல் வாஷிங்டன் நகரத்தில் 'தி வின்ஸ்டன்ஸ்' என்று ஒரு சோல் இசைக்குழு இருந்தது. அவர்களுடைய 'கலர் ஹிம் ஃபாதர்' பாட்டு அந்த வருடம் நன்றாக ஓடி, அதை எழுதிய ரிச்சர்ட் ஸ்பென்சருக்குக் கிராமி விருதும் வாங்கிக்கொடுத்தது. அடுத்த வருடமே குழு கலைந்துபோனது, ஊரும் மறந்துவிட்டது.

நமக்கு வேண்டியது அந்தப் பாட்டு இல்லை. அதே இசைத்தட்டைத் திருப்பிப் போட்டால் 'ஆமென், பிரதர்' என்று ஒன்று வரும். பழைய தேவாலயப் பாட்டு ஒன்றை வாய்ப்பாட்டே இல்லாமல் வாத்தியங்களில் வேகமாக வாசித்திருப்பார்கள், மறுபக்கத்தை நிரப்ப ஏதாவது வேண்டுமே என்று. ஒன்றரை நிமிடத்தை நெருங்கும்போது எல்லோரும் நிறுத்திவிட, டிரம்ஸ்காரர் கிரிகரி கோல்மன் மட்டும் நாலு அடி ஆவர்த்தனம் நான்கு வாசிக்கிறார். ஏறக்குறைய 7 நொடி. அந்த 7 நொடி பிற்பாடு ஆயிரக்கணக்கான பாட்டுகளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

ஏன் அது மட்டும்? முதல் காரணம், அங்கே டிரம்ஸ் தனியாக இருக்கிறது. எல்லா வாத்தியமும் கலந்த பதிவிலிருந்து ஒன்றை மட்டும் எடுப்பது குழம்பில் கரைந்த புளியைப் பிரிக்கிற கதை. இரண்டாவது, டிரம் ஒலியின் உருவம். வயலினில் ஒரு சுரம் இழுத்துக்கொண்டே போகும், நடுவில் வெட்டினால் 'டிக்' என்று கேட்டுவிடும். டிரம் அப்படி இல்லை, சட்டென்று எழுந்து தானாகவே அடங்கும். ஒவ்வொரு அடிக்கும் சற்று முன்னால் வெட்டினால், அடுத்து வருகிற அடியின் சத்தமே வெட்டு விழுந்த இடத்தை மூடிவிடுகிறது, காது ஏமாந்துபோகிறது. அப்புறம் துண்டுகளை எந்த வரிசையிலும் அடுக்கலாம்.

இப்படி இசைத்தட்டிலிருந்து ஒலியை எடுத்து வெட்டுகிற கருவிக்குப் பெயர் சாம்ப்ளர். 1987-ல் வந்த எஸ்பி-1200 என்ற சாம்ப்ளர், காற்றழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தை நொடிக்குச் சுமார் 26,000 முறை அளந்து ஒவ்வொன்றையும் எண்ணாக எழுதி வைத்துக்கொள்ளும். எண்ணுக்கு 4,096 படிகள்தான். சிடியில் இது 44,100 முறை, 65,536 படிகள். எஸ்பி-1200-ன் நினைவகமோ மொத்தம் 10 நொடி! அதனால் ஹிப்ஹாப் ஆட்கள் ஒரு தந்திரம் செய்தார்கள்: நிமிடத்துக்கு 33 சுற்று ஓட வேண்டிய தட்டை 45 சுற்றில் ஓட்டிப் பதிவார்கள், நேரம் மிச்சம். பிறகு கருவிக்குள்ளேயே மெதுவாக்குவார்கள். இந்தப் போக்குவரத்தில் சுமார் 9,600 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிற மினுக்கெல்லாம் போய்விடும், மேலே ஒரு கரகரப்பு ஏறிக்கொள்ளும். அந்தக் கரகரப்புக்காகவே இன்றைக்கும் பழைய எஸ்பி-1200-க்கு அடிபோடுகிறார்கள் என்பது வேறு விஷயம்.

1990-களின் தொடக்கத்தில் லண்டனில் ஜங்கிள் என்கிற அதிவேக நடன இசைக்காரர்கள் இதற்கு நேர்மாறாகச் செய்தார்கள். கோல்மன் வாசித்தது நிமிடத்துக்கு ஏறக்குறைய 137 அடி. அவர்களுக்கு 170 வேண்டும், அதாவது கிட்டத்தட்ட ஒன்றேகால் மடங்கு. சேமித்த எண்களை அவ்வளவு வேகமாக வாசித்தால் ஒவ்வொரு அலையும் சுருங்கும், 200 ஹெர்ட்ஸ் 250 ஆகும். ஒன்றேகால் என்பது நம் கணக்கில் ச-விலிருந்து அந்தர காந்தாரத்துக்கு உள்ள தூரம். அதாவது வேகத்தைக் கூட்டியதும் முழு டிரம்ஸும் ச-விலிருந்து க-வுக்கு ஏறிவிட்டது! ஜங்கிள் பாட்டில் டிரம்ஸ் கீச்சென்று பதற்றமாக ஒலிப்பது இதனால்தான்.

சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் மாற்ற முடியாதா? முடியும். ஒலியைச் சில மில்லி நொடித் துண்டுகளாக நறுக்கி, நீட்ட வேண்டுமானால் துண்டுகளைத் திரும்பத் திரும்ப ஒட்ட வேண்டும், சுருக்க வேண்டுமானால் சிலதை எறிந்துவிட வேண்டும். வாட்ஸ்அப்பில் அத்தையின் குரல் பதிவை 1.5 வேகத்தில் கேட்டாலும் அத்தை சின்னப் பிள்ளையாக மாறாமல் இருப்பது இந்த வித்தையால்தான். அகாய் நிறுவனத்தின் பழைய சாம்ப்ளர்களில் இது கொஞ்சம் முரட்டுத்தனமாக நடந்தது. 20 மில்லி நொடித் துண்டு திரும்பத் திரும்ப வந்தால் நொடிக்கு 50 முறை, அதைக் காது தனி ஒரு ரீங்காரமாகவே கேட்கும். 'டப்' என்பது 'டடடப்' ஆகி உலோகத்தைத் தேய்த்த மாதிரி இழுபடும். கருவி செய்தவர்களுக்கு அது கோளாறு, ஜங்கிள்காரர்களுக்கு அதுதான் ருசி. இன்றைய மென்பொருள் இதைச் சுத்தமாகச் செய்கிறது, எனக்கென்னவோ அந்தச் சுத்தம் சப்பென்று இருக்கிறது.

இவ்வளவு வெட்டியும் அது உயிரோடு இருப்பதற்கு, என் கணிப்பில், கோல்மனின் கைதான் காரணம். முதல் இரண்டு ஆவர்த்தனம் நேராகப் போகும். மூன்றாவதில் ஸ்னேர் டிரம் அடி ஒன்று தள்ளி விழும், நான்காவதில் முதல் அடியே காலி, கடைசியில் சிம்பல் தட்டு முந்திக்கொண்டு வெடிக்கும். துண்டாக்கினாலும் இந்த முன்பின் துண்டுகளுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு வருகிறது.

இத்தனை பாட்டுக்கும் அவருக்கு உரிமைத்தொகை என்று ஒரு காசும் வரவில்லை. 2006-ல் வறுமையில் இறந்துபோனார். ஸ்பென்சருக்காக 2015-ல் பிரிட்டன் டிஜேக்கள் உண்டியல் குலுக்கி 24,000 பவுண்டு சேர்த்துக் கொடுத்தார்கள்.

சரி, யூடியூபில் 'ஆமென், பிரதர்' போட்டு வேகத்தை 1.25 ஆக்கிக் கேட்டுப் பாருங்கள். ஜங்கிளின் வேகம் வந்துவிடும், ஆனால் அந்தக் கீச்சு வராது. யூடியூபும் துண்டு நறுக்கித்தான் ஓட்டுகிறது.