வெள்ளை ஏன் அமிழ்கிறது?

ஒரே கோப்பையில் நான்கைந்து அக்ரிலிக் வண்ணங்களை அடுக்கடுக்காக ஊற்றி, கேன்வாஸ் மேல் கவிழ்த்து, கோப்பையை மெல்லத் தூக்கினால் வண்ணங்கள் வழிந்து பரவும். முதலில் பட்டைகள்தான் தெரியும். சற்றுப் பொறுத்தால் அவற்றினிடையே சிறு புள்ளிகள் திறந்து, விரிந்து, தேன்கூட்டு அறைகளைப் போல ஒன்றையொன்று நெருக்கி நிற்கும். இதைத் தற்செயல் என்று சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அங்கே நடப்பது எடைத் தகராறு.

வெள்ளை வண்ணத்தின் நிறமி டைட்டானியம் டை ஆக்சைடு. தண்ணீரைவிட நான்கு மடங்கு அடர்த்தி அதற்கு. கறுப்பிலுள்ள கார்பன் துகளோ இரண்டு மடங்கைக்கூட எட்டாது. கறுப்பின் மேல் வெள்ளையை ஊற்றினால் கனத்த மேலடுக்கு இறங்கப் பார்க்கும். இலேசான கீழடுக்கு மேலே வர வழி தேடும். இரண்டும் ஒரே இடத்தில் எதிரெதிராக நகர முடியாதே! எனவே ஆங்காங்கே வெள்ளை அமிழ, இடையிடையே கறுப்பு புள்ளிகளாக எழுகிறது. இயற்பியலில் இதற்கு ரேலி–டெய்லர் நிலையின்மை என்று பெயர். மெக்சிகோ ஓவியர் டேவிட் அல்ஃபாரோ சிக்கெய்ரோஸ் 1936இல் நியூயார்க்கில் நடத்திய பட்டறையில் வண்ணங்களை இப்படி ஊற்றிப் பார்த்தார். அமெரிக்க ஓவியர் ஜாக்சன் பொல்லாக்கும் அங்கே இருந்தார். காரணம் அடர்த்தி வேறுபாடுதான் என்பதை மெக்சிகோ ஆய்வாளர்கள் 2015இல் சோதனைகளால் காட்டினார்கள்.

அறைகள் உண்டாக வண்ணத்தில் சிலிக்கோன் எண்ணெய் சேர்ப்பது வேறு கதை. அதன் பரப்பு இழுவிசை தண்ணீருடையதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. வண்ணத்தைவிட இலேசான அந்தச் சொட்டு மேலே மிதந்து வந்ததும், சுற்றியுள்ள பரப்பு அதைவிட வலுவாக இழுப்பதால் விரிகிறது. விரிந்த இடத்தில் அடிநிறம் தலைகாட்டுகிறது. மிகையாகக் கலக்கினால் சொட்டுகள் உடைந்து அறைகளும் பொடியாகிவிடும்.

வண்ணத்தின் பதம் தவறினால் இவற்றில் எதுவும் நடக்காது. கெட்டியாக இருந்தால் அசையாது, நீர்த்துப்போனால் எல்லாம் கலந்து சேற்று நிறமாகும். குச்சியைத் தூக்கும்போது அறுபடாத இழையாக வழிந்து, விழுந்த தடம் ஓரிரு நொடியில் மறைந்தால் அதுவே பதம். நிறத்தைத் தேர்ந்தெடுப்பதைவிட இதற்குத்தான் நேரம் செலவிட வேண்டும்.

காய்ந்த பிறகு நிறம் சற்றுக் கறுக்கும். அக்ரிலிக்கிலுள்ள நுண்ணிய பாலிமர் துகள்கள் ஈரத்தில் ஒளியைச் சிதறடித்து வெண்மை காட்டுகின்றன. நீர் ஆவியானதும் இணைந்து தெளிந்த படலமாகின்றன.

காய்ந்த ஓவியத்தின் மேல் கண்ணாடிபோன்ற பூச்சாக ஊற்றும் எபாக்ஸி ரெசின் அப்படிக் காய்வதில்லை; இறுகுகிறது. எபாக்ஸி மூலக்கூறின் முனைகளில் இரண்டு கார்பனும் ஓர் ஆக்சிஜனும் சேர்ந்த முக்கோண வளையங்கள் உண்டு. ரெசினை இறுகச் செய்யக் கலக்கும் ஹார்டனரிலுள்ள அமீன் என்ற வேதிப்பொருள் அவற்றைத் திறந்து வலையாகப் பின்னுகிறது. ஒவ்வொரு இணைப்பிலும் வெப்பம் பிறக்கிறது. மெல்லிய அடுக்கில் அந்த வெப்பம் காற்றோடு போய்விடும். கலவையைக் கோப்பையிலேயே விட்டுவைத்தாலோ வெப்பம் வினையை விரட்டும், வினை வெப்பத்தைக் கூட்டும், கடைசியில் கோப்பை புகையத் தொடங்கும். ஹார்டனரைத் தாராளமாக ஊற்றினால் சீக்கிரம் இறுகும் என்பதும் வீண் நம்பிக்கை: இணைய வளையம் கிடைக்காத அமீன் மிஞ்சி, பரப்பு பிசுபிசுக்கும். இறுகாத ரெசின் தோலில் ஒவ்வாமையைக் கிளப்பும் என்பதால் கையுறை கட்டாயம்.

சிலிக்கோன் சேர்த்த ஓவியத்தின் மேல் ரெசின் ஊற்றுவதற்கு முன், நன்றாகக் காய்ந்த பரப்பைச் சோப்பு நீரால் துடைத்து எண்ணெயை எடுத்துவிட வேண்டும். மிச்சமிருக்கும் ஒவ்வொரு துளியும் ரெசினை விலக்கி ஒரு குழியை உண்டாக்கும். இறுகிய பின் தேய்த்துவிட்டு மறுபடி ஊற்றுவதைத் தவிர அதற்கு வழியில்லை.