பிள்ளையோட முடியை கவர்ல போட்டு எடுத்துட்டு வராதீங்க

போன வாரமும் ஒருத்தர் வந்தாரு. சவுதியில இருந்து லீவுக்கு வந்தவரு, சட்டை பாக்கெட்ல இருந்து சின்ன பிளாஸ்டிக் கவரை எடுத்து என் டேபிள்ல வச்சாரு, உள்ள பிள்ளையோட முடி. "மேடம், இத எங்க குடுக்கணும்? ஒரு டிஎன்ஏ பாக்கணும். கல்யாணத்துக்கு முன்ன அவளுக்கு ஒரு பையன் கூட பழக்கம் உண்டும், வேற சாதி, அவ வீட்ல எல்லாருமா சேந்து எங்கிட்ட மறைச்சிட்டாவ." (ஆளு அடையாளம் தெரியாம இருக்க சிலதை மாத்தித்தான் எழுதுறேன்.) குழித்துறை கோர்ட்ல குடும்ப வழக்கு பாக்குற எனக்கு இந்த கேள்வி புதுசு இல்ல, ஆனா இப்ப ரொம்ப கூடிட்டு, இனியும் ஒவ்வொருத்தருக்கா சொல்லிட்டு இருக்க முடியாதுன்னு தான் எழுதுறேன்.

இந்த யோசனை எங்க இருந்து வருதுன்னு கேட்டா முக்கால்வாசி பேரு சொல்றது சீரியல். எங்க கேரளா எல்லையில களியக்காவிளை, பாறசாலை பக்கமெல்லாம் ஒரே வீட்ல மாமியாருக்கு மலையாள ஏசியாநெட், மருமகளுக்கு விஜய் டிவி. ஏசியாநெட்ல 'கறுத்தமுத்து'ன்னு வந்த கதை தான் தெலுங்குல 'கார்த்திக தீபம்' ஆச்சு, 2019ல தமிழ்ல 'பாரதி கண்ணம்மா' ஆச்சு. டாக்டர் புருஷன் பொண்டாட்டியை சந்தேகப்பட்டு பிரியுறான், பிள்ளை யாருதுன்னு வருஷக்கணக்குல கதை ஓடுது, டிஎன்ஏ எப்ப எடுப்பான்னு ஊரே காத்துக்கிட்டு கிடந்துச்சு. ரீமேக் பண்ண பண்ண அந்த சந்தேகம் ஒவ்வொரு மொழியிலயும் ஒவ்வொரு வீட்டுக்குள்ளயும் போய் உக்காந்துட்டு, அது தான் எனக்கு பொறுக்கல. சீரியல் பாக்காதீங்கன்னு சொல்ல வரல, எங்க அம்மாவும் பாப்பாங்க. அதுல வர்ற சட்டத்தை நம்பாதீங்க.

சட்டம் என்ன சொல்லுதுன்னா, கல்யாண பந்தம் இருக்கும்போது பிறந்த பிள்ளை, இல்ல அது முறிஞ்சு அம்மா மறுகல்யாணம் பண்ணாம 280 நாளுக்குள்ள பிறந்த பிள்ளை, அந்த புருஷனோட சட்டப்படியான பிள்ளை தான். முன்ன 1872 சாட்சிய சட்டத்துல 112வது பிரிவு, இப்ப புது சாட்சிய சட்டத்துல 116வது பிரிவு. இத உடைக்கணும்னா ஒரே வழி, கரு உண்டாகியிருக்கக்கூடிய சமயத்துல ரெண்டு பேரும் சேர வாய்ப்பே இல்லன்னு புருஷன் நிரூபிக்கணும். சந்தேகம் பத்தாது, பழைய காதல் பத்தாது, பழைய போட்டோ பத்தவே பத்தாது. கேட்டதும் ரத்தம் எடுக்க உத்தரவு போட முடியாதுன்னு சுப்ரீம் கோர்ட் 1993லயே சொல்லியாச்சு. 2014ல ரெண்டு வழக்குல டிஎன்ஏ பக்கம் சாஞ்சது நெசம், ஆனா 2023லயும், கேரளாவுல இருந்து போன ஒரு வழக்குல 2025 ஜனவரியிலயும் சம்பந்தப்பட்டவங்களோட மானத்தையும் அந்தரங்கத்தையும் முன்னால வச்சு தான் தீர்ப்பு. "நீங்க மனு போடுங்க மேடம், கோர்ட்டே சொல்லிரும்"னு என்கிட்ட வராதீங்க. (கல்ஃப் கேஸ்ல நாங்க முதல்ல கேக்குறது பாஸ்போர்ட்டை. எமிகிரேஷன் சீல் பேசுற அளவுக்கு சாட்சி பேசாது.)

இப்ப எனக்கு ரொம்ப எரிச்சல் வர்ற விஷயம், இந்த நாள் கணக்கு. லீவுக்கு வந்துட்டு போனவங்க எல்லாரும் ஸ்கேன் ரிப்போர்ட்டை கையில வச்சிக்கிட்டு பின்னால எண்றாங்க. உதாரணத்துக்கு ஒருத்தர் ஜூன் 10ம் தேதி திருவனந்தபுரத்துல வந்து இறங்குறாரு. பிரசவ தேதி மார்ச் 8ன்னு ஆஸ்பத்திரியில எழுதியிருக்காங்க. அதுல இருந்து 280 நாள் பின்னால போனா ஜூன் 1, "அன்னைக்கு நான் சவுதியில தம்மாம்ல இருந்தேன், அப்ப இது யாரு பிள்ளை?" ஐயா, அந்த ஜூன் 1 கரு உண்டான நாள் இல்ல! பொண்ணுக்கு கடைசியா தீட்டு வந்த முதல் நாள் அது. டாக்டருங்க கர்ப்பத்தை அங்க இருந்து தான் எண்ணுவாங்க, கரு நிக்கிறது அதுக்கு சுமாரா ரெண்டு வாரம் கழிச்சு, அதாவது ஜூன் 15 வாக்குல, அப்ப நீங்க வீட்ல தான் இருந்தீங்க. ஆறு வார கர்ப்பம்னு ரிப்போர்ட்ல இருந்தா கரு உண்டாகி நாலு வாரம் தான் ஆச்சுன்னு அர்த்தம். இதுவும் போக, முதல் மூணு மாச ஸ்கேன்லயே ஒரு வாரம் வரை முன்ன பின்ன இருக்கும், கடைசி மாசங்கள்ல எடுத்தா ரெண்டு மூணு வாரம் கூட மாறும். எட்டாம் மாசத்துல பிறந்த பிள்ளையையும் இப்படித்தான் சந்தேகப்படுறாங்க, குறைமாசம்னு ஒண்ணு இருக்குறதே மறந்து போகுது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, பிரசவம் பாத்த டாக்டர்கிட்ட போய் கேட்டுட்டு அப்புறம் வக்கீல்கிட்ட வாங்க. இந்த ரெண்டு வாரக் கணக்கு தெரியாம எத்தனை பொண்ணுங்க பிள்ளையை தூக்கிட்டு அம்மா வீட்டுக்கு போயிருக்காங்க தெரியுமா.

நிறம், சாயல் பத்தி பேச நான் தயாரா இல்ல. ரத்த குரூப்புக்கு மட்டும் ஒரு வரி: அப்பா ஓ, அம்மா ஏ, பிள்ளை ஏ, இது சாதாரணம். அப்பா அம்மா ரெண்டு பேரும் பாசிட்டிவா இருந்து பிள்ளை நெகட்டிவா பிறக்கலாம், இதுவும் சாதாரணம்.

முடியை, டூத் பிரஷ்ஷை ரகசியமா தனியார் லேபுக்கு அனுப்புறவங்களுக்கு: அந்த பேப்பரை நம்பி கோர்ட் எதுவும் பண்ணாது. யாரு முடி, யாரு எடுத்தா, நடுவுல யாரு கையில இருந்துச்சுன்னு எந்த அத்தாட்சியும் இல்ல. கோர்ட் சொன்னா தான் ரெண்டு பேர் முன்னிலையில சாம்பிள் எடுத்து, கேரளா பக்கம்னா திருவனந்தபுரம் ராஜீவ் காந்தி பயோடெக்னாலஜி சென்டர் மாதிரி இடத்துக்கு, நம்ம பக்கம்னா சென்னை தடய அறிவியல் துறைக்கு போகும். ஜீவனாம்சம் குடுக்காம தப்பிக்க தான் இந்த டெஸ்ட்னா அதையும் விட்டுருங்க, தாலி கட்டாம பிறந்த பிள்ளைக்கும் பெத்த அப்பன் ஜீவனாம்சம் குடுக்கணும்னு சட்டத்துலயே இருக்கு.

சீரியல்ல ரிசல்ட் வந்ததும் புருஷன் அழுவான், கால்ல விழுவான், மியூசிக் போட்டு சேத்து வச்சிருவாங்க. நான் பாத்த குடும்பங்கள்ல ரிசல்ட் "உங்க பிள்ளை தான்"னு வந்த அப்புறமும் சேந்து வாழ்றவங்க ரொம்ப ரொம்ப கம்மி. அப்படி ஒரு பொண்ணு என்கிட்ட கேட்டா, "மேடம், பேப்பர்ல இருந்ததால நம்புறாரு, நாளைக்கு வேற எதுக்கு பேப்பர் கேப்பாரு?" எனக்கு பதில் சொல்ல வரல. கேஸ் கட்டுல எழுதினது அழியாது, அந்த பிள்ளை வளந்து அதை ஒரு நாள் வாசிக்கும்.

கல்யாணத்துக்கு முன்ன உங்க பொண்டாட்டி யாரையோ விரும்பினா, அது அவ வாழ்க்கையில நீங்க வர்றதுக்கு முன்ன நடந்தது. மனசு கேக்கலேன்னா கவுன்சிலிங் போங்க, குடும்ப நீதிமன்றத்துலயே ஆள் உண்டு. மாமியார்மாரே, உங்க கால்ல விழுந்து கேக்கேன், "பிள்ளை நம்ம சாடை இல்லியே"ன்னு மகனுக்கு போன்ல சொல்லாதீங்க. உள்ள இருக்குற தொட்டில் பிள்ளைக்கு காது கேக்கலேன்னாலும் பக்கத்துல நிக்கிற மருமகளுக்கு கேக்கும்.

சந்தேகம்னு வீட்டை விட்டு அனுப்பப்பட்ட பொண்ணுங்க வெத்து பேப்பர் எதுலயும் கையெழுத்து போடாதீங்க, பிள்ளைக்கு ரத்தம் எடுக்க ஆஸ்பத்திரிக்கு வான்னு புருஷன் வீட்ல கூப்பிட்டா கோர்ட் உத்தரவு எங்கன்னு கேளுங்க. பிள்ளையோட பிறப்பு சான்றிதழ், ஸ்கேன் ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் பேப்பர், புருஷன் டிக்கெட் நகல் கிடைச்சா அது, எல்லாத்தையும் எடுத்து வச்சிக்கிடுங்க. வக்கீல் ஃபீஸுக்கு காசு இல்லேன்னு பயப்பட வேண்டாம், பொண்ணுங்களுக்கும் பிள்ளைகளுக்கும் வருமானம் பாக்காம இலவசமா வக்கீல் தரணும்னு 1987ம் வருஷ சட்டத்துலயே இருக்கு, வட்ட சட்டப்பணிகள் குழுவுக்கு நேர்ல போங்க, இல்ல 15100க்கு போன் போடுங்க.