மேற்கோள்களின் எண்ணிக்கை எதை அளக்கிறது?

அறிவியல் வரலாற்றில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட, அதாவது பிற ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரைகளில் ஆதாரமாகக் குறிப்பிட்ட ஆய்வுக்கட்டுரை, டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருளைப் பற்றியதோ சார்பியல் கோட்பாட்டைப் பற்றியதோ அன்று. ஒரு கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்பதை அளக்கும் முறையைச் சொல்லும் கட்டுரை அது. செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஆலிவர் லவ்ரி, உடன் ஆய்வாளர்கள் மூவருடன் 1951-இல் 'ஜர்னல் ஆஃப் பயலாஜிக்கல் கெமிஸ்ட்ரி' இதழில் அதை வெளியிட்டார். 2014-இல் 'நேச்சர்' இதழ் வெளியிட்ட பட்டியலின்படி அதன் மேற்கோள்கள் மூன்று லட்சத்தைத் தாண்டியிருந்தன. இரட்டைச் சுருளைப் பற்றி வாட்சனும் கிரிக்கும் எழுதிய 1953-ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு அந்தப் பட்டியலின் முதல் நூறு இடங்களில் இடமில்லை.

லவ்ரியின் முறை எளியது. காரத்தன்மையுள்ள கரைசலில் தாமிர அயனிகள் புரதத்தின் பெப்டைடு பிணைப்புகளோடு சேர்கின்றன; பிறகு ஃபோலின் வினைப்பொருளைச் சேர்த்தால், தாமிரத்தோடும் டைரோசின், டிரிப்டோபேன் ஆகிய அமினோ அமிலங்களோடும் அது வினைபுரிந்து நீல நிறம் கொள்கிறது. நீலம் எவ்வளவு அடர்த்தியோ, புரதம் அவ்வளவு அதிகம். ஒரு நொதியைப் பிரித்தெடுப்பவராயினும், ஈரல் திசுவை அரைத்து ஆராய்பவராயினும், எடுத்த மாதிரியில் புரதம் எவ்வளவு என்று முதலில் அறிந்தாக வேண்டும். அளந்தவர்கள் தங்கள் கட்டுரையின் செய்முறைப் பகுதியில் லவ்ரியின் பெயரைக் குறிப்பிட்டார்கள். அது பெரிய கட்டுரை அல்ல என்று லவ்ரியே கருதினார்.

பட்டியலின் இரண்டாம் இடமும் இதே கதைதான். உல்ரிச் லேம்லி 1970-இல் எழுதிய கட்டுரை, டி4 என்னும் பாக்டீரியா வைரஸின் தலைப்பகுதி உருவாகும்போது அதன் புரதங்கள் எவ்வாறு வெட்டப்படுகின்றன என்பதைப் பற்றியது. ஆயினும் அதை மேற்கோள் காட்டியவர்களில் மிகப் பெரும்பாலோர் வைரஸைத் தேடிச் சென்றவர்கள் அல்லர். புரதங்களை அளவுவாரியாகப் பிரிக்க லேம்லி கையாண்ட ஜெல் முறையை எடுத்துக்கொண்டவர்கள். ஆகவே மேற்கோள் எண்ணிக்கை முதன்மையாகக் காட்டுவது பயன்பாட்டையே என்பது என் கருத்து. ஒரு கருத்தின் ஆழம் அந்த எண்ணில் தானாகத் தெரிவதில்லை.

இந்த எண்ணிக்கையைத் திரட்டும் ஏற்பாட்டை உருவாக்கியவர் யூஜீன் கார்ஃபீல்டு. ஒரு பழைய தீர்ப்பைப் பின்னர் எந்தெந்த வழக்குகள் எடுத்தாண்டன என்று காட்டும் அமெரிக்கச் சட்ட அட்டவணையைப் பின்பற்றி, 1964-இல் அவர் அறிவியல் மேற்கோள் அட்டவணையைத் தொடங்கினார். ஆய்வாளரைத் தரவரிசைப்படுத்துவதற்காக அன்றி, ஒரு கருத்து எங்கெல்லாம் சென்றது என்று தேடுவதற்காகவே அது எழுந்தது. தரவரிசை பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

தனி ஆய்வாளரை அளக்க, இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005-இல் எச்-குறியீட்டை முன்வைத்தார். ஒருவருடைய ஐந்து கட்டுரைகள் முறையே 40, 12, 5, 4, 1 மேற்கோள்கள் பெற்றிருப்பதாகக் கொள்வோம். நான்கு கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது நான்கு மேற்கோள்களைப் பெற்றிருப்பதால் அவருடைய எச்-குறியீடு 4. முதல் கட்டுரையின் 40 என்பது மூன்று லட்சமாக உயர்ந்தாலும் குறியீடு 4-ஆகவே நிற்கும். ஒரே ஒரு வெற்றியால் எண் ஊதிப் பெருப்பதைத் தடுப்பது இதன் நன்மை. குறைவாக எழுதி ஒரு துறையையே மாற்றியவரைக் காணத் தவறுவது இதன் குறை. துறைக்குத் துறை மேற்கோள் காட்டும் வழக்கமும் மாறுபடுகிறது. மூலக்கூறு உயிரியலில் கட்டுரைகள் விரைவாகவும் நீண்ட மேற்கோள் பட்டியல்களோடும் வெளிவருகின்றன. கணிதத்தில் அவ்வாறு இல்லை. இரு துறையினரின் எண்களை அருகருகே வைத்து ஒப்பிடுவது நியாயமாகாது. ஆய்விதழின் தாக்கக் காரணியை, அதாவது அதன் அண்மைக் கட்டுரைகள் சராசரியாகப் பெறும் மேற்கோள்களின் எண்ணிக்கையைக் கொண்டு அதில் வந்த தனிக் கட்டுரையை மதிப்பிடுவதும் தவறு. 2012-இல் சான் பிரான்சிஸ்கோவில் கூடிய இதழாசிரியர்களும் பதிப்பாளர்களும் உருவாக்கிய அறிக்கை இதை வலியுறுத்தியது.

எண்ணிக்கையில் சேராமல் போகும் பயன்பாடும் உண்டு. ஒரு கண்டுபிடிப்பு பொது அறிவாகிவிட்டால் மூலக் கட்டுரையைக் குறிப்பிடும் வழக்கம் தேய்ந்துபோகிறது. இதைச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் எடுத்துக்காட்டினார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோர் 1963-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் இரண்டு கோணங்களில் திரும்பக்கூடியது. ஆனால் அணுக்கள் ஒன்றோடொன்று மோதிவிடும் என்பதால் எல்லாக் கோணங்களும் கைகூடுவதில்லை. கைகூடும் பகுதிகளை அவர்கள் ஒரு சதுரத்தில் வரைந்து காட்டினார்கள். இன்று புரத வடிவங்களின் உலகத் தரவு வங்கியில் ஒரு புதிய வடிவம் சேர்க்கப்படும்போது, அந்த வரைபடத்துக்குப் பொருந்தாத கண்ணிகள் எத்தனை என்பது சரிபார்ப்பு அறிக்கையில் ராமச்சந்திரனின் பெயரோடு அச்சாகிறது. அந்த அறிக்கைகளில் வரும் பெயர் எந்த மேற்கோள் கணக்கிலும் சேர்வதில்லை.