“நீதான் அண்ணனைப் பார்த்துக்கணும்”: ஒரு கொரியத் தொடர் தொட்ட காயம்

ஆலோசனைக்கு வரும் இளைஞர்கள் பலர் இப்போது தங்கள் மனதைச் சொல்ல ஒரு கொரியத் தொடரைத் துணைக்கு அழைத்து வருகிறார்கள். அதில் அடிக்கடி வரும் பெயர் ‘இட்ஸ் ஓகே டு நாட் பி ஓகே’. 2020 ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை தென்கொரியாவின் டிவிஎன் சேனலில் 16 பகுதிகளாக வந்தது. நெட்ஃபிளிக்ஸ் வழியாக உலகம் முழுக்கப் போனது. காதல் கதை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். உளவியல் ஆலோசகராக எனக்கு அதில் முக்கியமாகப் படுவது காதல் அல்ல, அந்த இரண்டு சகோதரர்கள். இன்னும் பார்க்காதவர்கள் கவனிக்க: கதையின் திருப்பங்கள் சில இங்கே வரும்.

தம்பி காங்-டே மனநல மருத்துவமனையில் பராமரிப்பாளர். அண்ணன் சாங்-டேக்கு ஆட்டிசம். சிறுவயதில் இவர்களின் அம்மா கொலை செய்யப்படுகிறார், அதைப் பார்த்த ஒரே சாட்சி அண்ணன். அந்த நாளிலிருந்து பட்டாம்பூச்சி என்றாலே அவருக்கு நடுக்கம். வசந்தம் வந்தால் கெட்ட கனவும் வரும், உடனே இருவரும் மூட்டை கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போவார்கள். தம்பியின் வேலை, நட்பு, படிப்பு எல்லாம் அந்தக் கனவைச் சுற்றியே ஓடுகின்றன. கதாநாயகி மூன்-யங், கொடூரமான தாயிடம் வளர்ந்த சிறுவர் கதை எழுத்தாளர், இதற்குள்தான் நுழைகிறார்.

காங்-டே சிறுவனாக இருக்கும்போது நடக்கும் ஒரு காட்சியைப் பல குடும்பங்களுக்குப் போட்டுக் காட்டலாம் என்று தோன்றும். டேக்வாண்டோ வகுப்பு முடிந்து உற்சாகமாக வீட்டுக்கு வருகிறான். அதற்குள் அண்ணனை யாரோ அடித்திருக்கிறார்கள். அம்மாவின் கோபம் முழுக்க இவன் மேல் பாய்கிறது. அண்ணனைக் காப்பாற்றத்தான் உன்னை அங்கே அனுப்புகிறேன், அதற்காகத்தான் உன்னைப் பெற்றேன் என்கிறார் அவர். கெட்ட அம்மா இல்லை. தனியாக இரண்டு பிள்ளைகளை வளர்த்துக் களைத்துப்போன பெண். ஆனால் அந்த வாக்கியம் அவன் உடம்புக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது.

இதே வாக்கியத்தை நம்மூர்த் தமிழில் கேட்காத வாரம் எனக்குக் குறைவு. “எங்களுக்கு அப்புறம் நீதாம்மா இவனுக்கு.” சொல்லும் பெற்றோருக்கு அது நம்பிக்கை. கேட்கும் பத்து வயதுப் பிள்ளைக்கு அது தீர்ப்பு. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து என்னிடம் வரும்போது அண்ணனையோ அக்காவையோ பற்றிப் பேச வருவதில்லை. தூக்கமில்லை, வேலையில் மனம் ஒட்டவில்லை, வரன் பார்த்தாலே பயமாக இருக்கிறது என்று வருகிறார்கள். “உங்களுக்கு என்ன பிடிக்கும்?” என்று கேட்டால் பதில் வர நேரமாகும். வீட்டில் எல்லோருடைய மாத்திரை நேரமும் தெரியும், தனக்குப் பிடித்த சாப்பாடு என்னவென்று தெரியாது. சிரித்தபடியே அழுகையைச் சொல்வார்கள். காங்-டேயும் அப்படித்தான். முகத்தைப் பார்த்து உணர்ச்சியைப் படிக்கப் பழகிய அண்ணன், தம்பி சிரித்தால் தம்பி சந்தோஷமாக இருக்கிறான் என்று எடுத்துக்கொள்வார். அதனால் தம்பி எப்போதும் சிரிக்க வேண்டியிருக்கிறது.

குடும்ப சிகிச்சை முன்னோடிகளில் ஒருவரான சால்வடோர் மினுச்சின், பெற்றோரின் பொறுப்பைச் சுமக்கும் பிள்ளையைப் பற்றி எழுதியிருக்கிறார். பொறுப்பு கொடுப்பதே தவறு என்று அவர் சொல்லவில்லை. எந்த வேலை பிள்ளையுடையது என்பது தெளிவாக இருந்து, அது வயதுக்கு ஏற்றதாகவும் இருந்து, கடைசி முடிவு பெரியவர்களிடமே இருந்தால் அந்தப் பிள்ளை திறமையோடு வளரும். எல்லை இல்லாமல் போகும்போதுதான் சிக்கல்.

அடுத்து, உறைந்த ஆற்றுக் காட்சி. பனி உடைந்து அண்ணன் தண்ணீரில் விழுகிறான். தம்பி திரும்பி நடக்கிறான். சில நொடிகள்தான். பிறகு ஓடி வந்து காப்பாற்றுகிறான், தானே மூழ்கப் போகிறான். பல வருடம் கழித்து மருத்துவமனையில் எல்லோர் முன்னிலையிலும் அண்ணன் இதைக் கத்திச் சொல்லும்போது காங்-டே நொறுங்கிப்போகிறார். தான் நடந்துபோன அந்த நொடிகள் மட்டுமே அவருக்கு நினைவில் கனக்கின்றன, திரும்பி ஓடி வந்தது அவர் கணக்கில் இல்லை.

பராமரிப்பவர்களிடம் நான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது: ‘இவர் இல்லாமல் இருந்திருந்தால்’ என்று மனதில் ஒரு எண்ணம் ஓடுவது களைப்பின் குரல். அது கொலை எண்ணம் அல்ல, அன்பில்லாமையும் அல்ல. பல சந்திப்புகள் போன பிறகு, கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அதை வாய்விட்டுச் சொல்வார்கள். சொன்னதும் தோள் தளர்வதைப் பார்க்க முடியும். பல வருடங்களாக அதை யாருமே கேட்டதில்லை. இந்தத் தொடர் அதைப் பேச ஒரு வாசலைத் திறந்துவிட்டது என்பதாலேயே எனக்கு இதன் மேல் மரியாதை.

சரி, காதல் பகுதிக்கு வருவோம். இங்கே எனக்குக் கவலை உண்டு. மூன்-யங் முதல் பகுதியிலேயே கத்தி எடுக்கிறார், காங்-டேயின் கையில் காயம். விருப்பமில்லை என்று சொன்னவரைத் துரத்துகிறார், உடை மாற்றும் அறை வரைக்கும் போகிறார். அந்தக் காட்சிக்குக் கொரியாவிலேயே புகார்கள் எழுந்தன. பாத்திரங்களை இடம் மாற்றி, ஆண் இப்படிச் செய்வதாக நினைத்துப் பாருங்கள். அன்பு கிடைக்காத குழந்தைப்பருவம் ஒருவரின் நடத்தையை விளக்கும். அதற்காக அவரிடம் அடி வாங்கிக்கொண்டு உடனிருக்க வேண்டியதில்லை. “என் மூன்-யங்கை நான் மாற்றிவிடுவேன்” என்று நம்பி உறவில் தேய்ந்துபோனவர்களைப் பார்க்கிறேன். ஆளுமைச் சிக்கல்கள் மாறும், நிச்சயம் மாறும். ஆனால் அதற்கு வருடங்கள் பிடிக்கும், முறையான சிகிச்சை வேண்டும், சம்பந்தப்பட்டவரே மாற முன்வர வேண்டும். 16 பகுதிகளில் அது நடப்பது கதையின் வசதி. தாயின் பிடியை உதறுவதுபோல் மூன்-யங் தன் நீளமான கூந்தலை வெட்டிக்கொள்ளும் காட்சி அழகானதுதான். நிஜத்தில் அப்படி ஒரு நாளுக்குப் பிறகும் பழைய பயம் திரும்ப வரும், திரும்ப வேலை செய்ய வேண்டும்.

காங்-டே அவருக்குக் கற்றுத்தரும் ‘பட்டாம்பூச்சி அணைப்பு’ கற்பனை அல்ல. 1997இல் பாலின் சூறாவளி மெக்சிகோவின் அகபுல்கோவைத் தாக்கியபோது உயிர் தப்பியவர்களுக்காக லூசினா ஆர்ட்டிகாஸ் என்ற சிகிச்சையாளர் உருவாக்கியது. கைகளை மார்பின் குறுக்கே வைத்து, இடம் வலமாக மாறி மாறி மெதுவாகத் தட்டியபடி மூச்சைக் கவனிக்க வேண்டும். பதற்றம் ஏறும் நேரத்தில் வீட்டிலேயே செய்யலாம். ஆனால் ஆழமான அதிர்ச்சிக்கு இது மட்டும் போதாது. இது ‘இஎம்டிஆர்’ என்ற, கண் அசைவுகளின் துணையோடு அதிர்ச்சி நினைவுகளைக் கையாளும் பெரிய சிகிச்சை முறையின் ஒரு சிறு துண்டு. அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தத்துக்கு அந்தச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 2013இல் பரிந்துரைத்தது. பயிற்சி பெற்றவரிடம்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதலுதவி என்றால் நான் காட்டுவது இன்னொரு காட்சி. வியட்நாம் போரில் கலந்துகொண்ட முதியவர் ஒருவர் அந்த மருத்துவமனையில் இருக்கிறார். தென்கொரியா அந்தப் போருக்கு அனுப்பியவர்கள் சுமார் 3,20,000 பேர், அவர்களில் ஒருவர். பேருந்தில் போகும்போது வெளியே கட்டட வேலையின் சத்தம் அவரைப் போர்க்களத்துக்கே இழுத்துப் போகிறது. மற்றவர்கள் திகைத்து நிற்க, சாங்-டே தன் மேல்சட்டையை அவர் தலைக்கு மேல் போர்த்திக் கூடவே இருக்கிறார். ‘ஒன்றுமில்லை, அமைதியாக இருங்கள்’ என்ற போதனை இல்லை. சத்தமும் வெளிச்சமும் குறைகின்றன, பக்கத்தில் ஓர் ஆள் இருக்கிறார், அவ்வளவுதான். பார்த்துக்கொள்ளப்பட வேண்டியவர் என்று எல்லோரும் நினைத்தவர், அங்கே பார்த்துக்கொள்கிறவராக ஆகிறார். சாங்-டேயாக நடித்த ஓ ஜங்-சே 2021இல் கொரியாவின் பேக்சாங் கலை விருது பெற்றார். ஆட்டிசத்தைக் கேலியாக்காமல் நடித்ததற்கு அது பொருத்தமான பரிசு.

தனக்குப் பிறகு பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற காங்-டே அம்மாவின் பயம் கொரியாவில் நிஜமான பயம். 2018 ஏப்ரலில், வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களின் பெற்றோர் 200க்கும் மேற்பட்டோர் சியோலில் மொட்டையடித்துப் போராடினார்கள். பராமரிப்பின் பொறுப்பை அரசு ஏற்க வேண்டும் என்பது கோரிக்கை. குடும்பத்தால் மட்டும் முடியாது என்பதை அவர்கள் வெட்கப்படாமல் சொன்னார்கள்.

நம் பெற்றோருக்கும் தெரிய வேண்டியது ஒன்று உண்டு. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பன்முகக் குறைபாடு உள்ளவர்களுக்குச் சட்டப்படியான பாதுகாவலரை நியமிக்கலாம். மாவட்ட அளவில் ஆட்சியர் தலைமையிலான குழு அதை முடிவு செய்யும். உடன்பிறந்தவர்தான் அந்தப் பொறுப்பை ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ‘நிராமயா’ மருத்துவக் காப்பீடும் உண்டு. இதையெல்லாம் பெற்றோர் நீங்கள் உயிரோடு, தெம்போடு இருக்கும்போதே பேசி முடியுங்கள். மற்ற பிள்ளையிடம் “நீ எவ்வளவு செய்ய முடியும்?” என்று கேளுங்கள். குறைவாகச் சொன்னால் முகம் சுளிக்காதீர்கள். அந்தப் பிள்ளைக்கு என்று வாரத்தில் ஒரு நேரம், அண்ணன் பேச்சே வராத நேரம், ஒதுக்குங்கள்.

இன்னொருவரையும், குறைபாடு உள்ள அந்தப் பிள்ளையையும், கேட்க வேண்டும். கதையின் பிற்பகுதியில், காங்-டே காங்-டேக்கே சொந்தம் என்று சொல்வது அண்ணன்தான். கடைசியில் தம்பியோடும் மூன்-யங்கோடும் பயணம் போனவர், படம் வரையும் வேலை இருக்கிறது என்று சொல்லித் தானாகவே பிரிந்து போகிறார். எல்லோராலும் அது முடியாது, ஆதரவின் அளவு ஆளுக்கு ஆள் மாறும். ஆனாலும் எங்கே வாழ ஆசை, யாரோடு, என்ன வேலை என்று உங்கள் பிள்ளையிடம் அவருக்குப் புரியும் வழியில், படம் காட்டியாவது, கேட்டுப் பாருங்கள். பராமரிக்கும் நீங்கள் தளர்ந்துபோனால் 14416 என்ற, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணை எந்த நேரத்திலும் இலவசமாக அழைக்கலாம், தமிழில் பேசலாம்.