ஆவணக் காப்பகமா, களஞ்சியமா?

சென்ற மாதம் தில்லி மயூர் விஹாரில் எங்கள் நண்பர் வட்டம் நடத்திய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வாட்ஸப்பில் வந்த அழைப்பில், 'டிஜிட்டல் களஞ்சியங்களின் வழியே வரலாறு' என்று தலைப்பிட்டிருந்தார்கள். பேசியவர் விஷயம் தெரிந்தவர். ஜன்பத்தில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தின் 'அபிலேக் படல்' தளத்தைத் திரையில் திறந்து, வீட்டிலிருந்தபடியே நூறாண்டுப் பழைய கோப்பைப் படிப்பது எப்படி என்று பொறுமையாகக் காட்டினார். ஆனால் 'ஆர்க்கைவ்' என்று சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் வாய்க்கு வாய் 'களஞ்சியம்' என்றார். செய்திக் குறிப்புகளின் தமிழ் வடிவங்களிலும் இதே சொல்லைப் பார்த்துப் பார்த்து அலுத்துப் போயிருந்த எனக்கு, அன்று மாலை தேநீர் இறங்கவில்லை.

'ஆர்க்கைவ்' என்ற ஆங்கிலச் சொல் கிரேக்கத்தின் 'ஆர்க்கெயோன்' என்பதிலிருந்து இலத்தீன், பிரெஞ்சு வழியாக வந்தது. ஆட்சியாளரின் மனை அல்லது அலுவலகம் என்பது அதன் பொருள், அரசின் ஏடுகள் அங்கே இருந்ததால் அந்த இடத்தின் பெயரே ஏடுகளுக்கும் ஆயிற்று. வேர்ச்சொல் ஆராய்ச்சி இவ்வளவு போதும். பிறக்கும்போதே அந்தச் சொல்லில் இருந்தது அதிகாரமும் சாட்சியமுமே தவிர, குவியலோ செழிப்போ அல்ல என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

தமிழில் இதற்கு ஈடான கருத்து புதிதாகக் கடன் வாங்கியதும் அல்ல. பெரியபுராணத்தில், சுந்தரர் தமக்கு அடிமை என்று ஓலை காட்டி அவரைத் தடுத்தாட்கொள்ள வந்த முதியவரிடம் ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி ஆகிய மூன்றில் ஒன்றைக் காட்டு என்று அவையோர் கேட்கிறார்கள். அவர், சுந்தரர் கிழித்தெறிந்தது படியோலைதான், மூலவோலை தம்மிடம் பத்திரமாக இருக்கிறது என்கிறார். பிறகு அந்த ஓலையின் எழுத்தைச் சரிபார்க்க, சுந்தரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையை 'அரண்தரு காப்பில்' இருந்து வரவழைத்து ஒப்புநோக்குகிறார்கள். ஆவணம், மூலம், படி, காப்பு, ஒப்புநோக்கல் என்று இத்துறைக்கு வேண்டிய கருவிச் சொற்கள் அத்தனையையும் பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே ஒரே வழக்கில் சேக்கிழார் கொடுத்துவிட்டார். 'ஆவணக் காப்பகம்' என்ற பெயரை யார் முதலில் ஆக்கினாரோ, அவர் இந்தப் பகுதியைப் படித்தவராக இருக்க வேண்டும் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

இனி களஞ்சியத்துக்கு வருவோம். களஞ்சியம் நெல் கொட்டி வைக்கும் இடம். எந்த வயலில் விளைந்தது, எந்தப் போரில் அடித்தது என்று களஞ்சியத்துக்குள் போன நெல்மணியைப் பார்த்து யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் அதற்குச் சொல்லத் தெரியாது. ஒரு மரக்கால் அள்ளினால் இன்னொரு மரக்காலுக்கு அது நிகர். ஆவணமோ ஒற்றைத் தாளானாலும் தனக்கு முன்னும் பின்னும் இருக்கும் தாள்களோடு சேர்ந்தே பொருள் தருவது. இன்ன துறை, இன்ன கிளை, இன்ன ஆண்டு, இன்ன கோப்பு என்ற முகவரியைப் பிய்த்துவிட்டால் அது வெறும் பழங்காகிதம். வந்த மூலத்தை மதித்து, ஒரு துறையின் தாள்களை வேறொரு துறையின் தாள்களோடு கலக்காமல் வைக்க வேண்டும் என்று பிரான்சில் 1841இல் சுற்றறிக்கையே விட்டார்கள். இன்றும் இத்துறையின் அடிப்படை விதி அதுதான். கலப்பதற்கென்றே கட்டிய ஒன்றின் பெயரை, கலக்கக் கூடாது என்பதையே உயிராகக் கொண்ட ஒன்றுக்கு வைப்பது எந்த ஊர் நியாயம்?

இதைச் சொன்னபோது கூட்டத்தில் ஒரு நண்பர், 'கலைக்களஞ்சியம் என்று சொல்கிறோமே, அது தவறா?' என்று மடக்கப் பார்த்தார். தவறல்ல, மிகப் பொருத்தம். பெ. தூரன் முதன்மை ஆசிரியராக இருக்க, 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்த அந்த நூலின் வேலையே, பல வயல்களில் விளைந்த அறிவைத் தூற்றிப் பதர் நீக்கி ஓரிடத்தில் சேர்ப்பது. அங்கே களஞ்சியம் உவமையாக நிற்கிறது, அழகாகவும் நிற்கிறது. இன்னொருவர், கல்வெட்டுகளில் வரும் 'சரசுவதி பண்டாரம்' என்பதை எடுத்துக்காட்டி, பண்டாரம் ஆகும் என்றால் களஞ்சியம் ஏன் ஆகாது என்றார். அது நூற்சுவடிகள் இருந்த இடம். இன்றைய பேச்சில் நூலகம். நூலகத்தில் இருப்பது படிப்பதற்கென்று எழுதப்பட்டது, ஆவணக் காப்பகத்தில் இருப்பது வேலை நடப்பதற்காக எழுதப்பட்டு, வேலை முடிந்த பின்னும் எறியாமல் வைக்கப்பட்டது. இந்த வேறுபாட்டை நம் தாலுகா அலுவலகங்களே அறியும்; அங்கே 'பதிவறை எழுத்தர்' என்று ஒருவர் இருக்கிறாரே ஒழிய, களஞ்சிய எழுத்தர் என்று ஒருவரும் இல்லை.

சொல் தவறினால் பயன்பாடும் தவறுகிறது என்பதை அன்றே கண்ணால் பார்த்தேன். பக்கத்தில் இருந்த கல்லூரி மாணவி, தன் கைப்பேசியில் அதே தளத்தைத் திறந்து 'திருநெல்வேலி' என்று இன்றைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் தட்டினாள், தேடியது கிடைக்கவில்லை. களஞ்சியத்தில் கையை விட்டால் நெல் வந்துதானே ஆக வேண்டும்? ஆவணத்தில் அப்படி வராது. அதை எழுதிய குமாஸ்தா ஊர்ப்பெயரை எப்படி எழுதினானோ அப்படித்தான் தேட வேண்டும். 'டின்னவெல்லி' என்று அடிக்கச் சொன்னேன்; கோப்புகள் வரிசையாக இறங்கின. தஞ்சைக்கு 'டான்ஜோர்', திருச்சிக்கு 'டிரிச்சினாபொலி', தூத்துக்குடிக்கு 'டூட்டிகொரின்'. அதன் பிறகு, உள்துறையின் அரசியல் கிளைக் கோப்புகளை ஏ, பி, டெபாசிட் என்று அக்கால அலுவலகமே தரம் பிரித்து வைத்திருந்ததை அவளுக்குக் காட்டினேன். அந்தத் தரமும் ஒரு சாட்சியம்தான்: மணியாச்சியில் 1911இல் கலெக்டர் ஆஷ் கொல்லப்பட்டது போன்ற ஒரு நிகழ்ச்சியை ஆராய்கிறவருக்கு, எந்தக் கடிதத்தை அரசு பெரிதாக எடுத்துக்கொண்டது, எதை ஒதுக்கிப் போட்டது என்பது கடிதத்தின் வாசகத்துக்குச் சமமான செய்தி.

அரசு தரப்பில் பெயர்கள் மாறி வந்த கதையும் இதற்குத் துணை நிற்கிறது. கல்கத்தாவில் 1891இல் தொடங்கி இங்கே வந்து சேர்ந்த தேசிய நிறுவனமும், எழும்பூரில் 1909இல் கட்டடம் பெற்ற சென்னை நிறுவனமும் தொடக்கத்தில் 'ரெக்கார்ட்' என்ற சொல்லைத்தான் பெயரில் தாங்கியிருந்தன. இந்தியில் 'அபிலேகாகார்' என்றபோதும் ஆவணமும் அதன் இல்லமும் என்றே ஆக்கினார்கள். தமிழ்நாட்டு அரசும் ஆவணக் காப்பகம் என்றே எழுதுகிறது. எல்லாரும் ஒரே பொருளைச் சொல்லிக்கொண்டிருக்க, தில்லியில் மேசைக்கு மேசை மொழிபெயர்க்கும் சிலர் மட்டும் காதுக்குக் கம்பீரமாக இருக்கிறது என்பதற்காகக் களஞ்சியம், பெட்டகம், கருவூலம் என்று செல்வச் செழிப்பிலேயே புரள்கிறார்கள். மூலத்தில் மூன்று வேறு சொற்கள் இருந்தாலும் தமிழில் மூன்றுக்கும் ஒரே களஞ்சியம் விழுகிறது. மூலத்தில் ஒரே சொல் வந்தால் தமிழில் மூன்று பெயர் முளைக்கிறது.

சுருக்கம் வேண்டுவோர், ஈழத்து நண்பர்கள் தங்கள் இணையச் சேகரத்துக்கு வைத்திருக்கும் 'ஆவணகம்' என்ற பெயரைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். வெறும் 'காப்பகம்' மட்டும் வேண்டாம். முதியோரும் குழந்தைகளும் புலிகளும் அதை ஏற்கெனவே பங்கிட்டுக்கொண்டுவிட்டார்கள். பலவிடங்களிலிருந்து தேர்ந்து எடுத்த படங்களையும் கடிதங்களையும் ஒரு பொருள் பற்றி இணையத்தில் சேர்த்து வைத்தால் அது 'எண்ணிமத் திரட்டு', ஆவணகம் ஆகாது. 'டிஜிட்டல்' என்பதற்கு 'மின்' என்று போடுவது எனக்கு உவப்பில்லை, மின்விசிறியும் மின்தான். எண்ணால் ஆனது எண்ணிமம். திரையில் நாம் பார்ப்பது எப்போதும் படியோலை என்பதும், மூலவோலை ஜன்பத்தில் அடுக்கில் இருக்கிறது என்பதும் நினைவில் இருந்தால் சரி.

கூட்டம் முடிந்ததும் அமைப்பாளரிடம் இவ்வளவையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுத் தலையாட்டினார். அடுத்த மாதக் கூட்டத்துக்கான அழைப்பு நேற்று வந்தது: 'ஆவணக் களஞ்சியங்கள், இரண்டாம் அமர்வு'.